முப்பாட்டன் பெயர் கேட்ட பாட்டுக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சுற்றிவிட்டு வந்தவன் கையில் மைக்கைக் கொடுப்பது ஆபத்து. படம் காட்டியே கழுத்தறுத்துவிடுவான். பயப்பட வேண்டாம், நான் ஒரு படமும் கொண்டுவரவில்லை. இந்த நாலு மரத்துண்டுகளை மட்டும் எடுத்துவந்தேன்.

இதற்குப் பெயர் கர்தால். ஷீஷம் மரத்தில் செய்தது. நம்முடைய ஈட்டி மரத்துக்குப் பங்காளி. கைக்கு இரண்டு துண்டு. ஹரிகதைக்காரர்கள் வைத்திருக்கும் சிப்ளாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதில் சலங்கை கிடையாது, வெறும் மரம். தெரிந்தவர் கையில் இது தகரக் கூரைமேல் அடிக்கிற மழை. ஒரு வருடமாக நானும் முயற்சி செய்கிறேன், கட்டைவிரலில் ரத்தம் கட்டியதுதான் மிச்சம்.

சரி, கதைக்கு வருகிறேன். ராஜஸ்தானில் ஜெய்சல்மர் போயிருந்தேன். அங்கிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி சம் என்ற இடத்தில் மணல்மேடுகள் இருக்கின்றன. வரிசையாகக் கூடாரங்கள், நடுவில் தீ, ஆள் உயர ஸ்பீக்கர். சிவப்புத் தலைப்பாகை கட்டிய நாலைந்து பேர் வரவேற்புப் பாட்டு பாடினார்கள், அப்புறம் சினிமாப் பாட்டு. நாங்கள் சென்னை என்று தெரிந்ததும் ஒரு தமிழ் மெட்டு வேறு. கைதட்டினோம், சாப்பிட்டோம், படுத்தோம். ராஜஸ்தான் இசையைக் கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

விடியற்காலை சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சத்தம். வயலின் இல்லை, சாரங்கியும் இல்லை. ஒரு ஸ்வரம் கரகரப்பாக எழுந்தது. அது ஓய்ந்த பிறகும், பாழுங்கிணற்றில் பேசினால் திரும்பி வருமே, அந்த மாதிரி ஒரு முனகல் அதன் பின்னாலேயே வந்தது. போய்ப் பார்த்தால், முந்தின இரவு பாடியவர்களில் ஒரு பெரியவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். மடியில் கமைச்சா.

மாமரத்தைக் குடைந்து செய்த வட்டமான குடம், அதன் வாயில் ஆட்டுத்தோல். மேலே ஆட்டுக் குடலில் முறுக்கிய மூன்று நரம்புகள். அந்த மூன்றையும்தான் வில் தொடுகிறது. கூடவே உலோகத் தந்திகள் வரிசையாக ஓடுகின்றன. அவை பெரும்பாலும் தானாக அதிர்கின்றன. நான் கேட்ட முனகல் அதுதான். ஜெய்சல்மர் பக்கத்து ஹமீரா கிராமத்துச் சாகர் கான் வாசித்தது இந்தக் கருவியைத்தான். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருடமே காலமாகிவிட்டார்.

என் இந்தி பிளாட்ஃபாரத்தில் டீ வாங்குகிற அளவு இந்தி. அதை வைத்துக்கொண்டு கேட்டேன்: "நேற்று ராத்திரி இதை ஏன் வாசிக்கவில்லை?"

"அது கூலி. இது வீட்டுக்கு" என்றார். எந்த வீட்டுக்கு என்று புரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வீட்டில் பிள்ளை பிறந்த விசேஷம், வா என்றார். ரயில் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

ராஜபுத்திரர் வீட்டு முற்றம். பெரியவரும் அவருடைய மகன்களும் வந்து உட்கார்ந்தார்கள். உடனே பாடுவார்கள் என்று பார்த்தால், அவர் எழுந்து நின்று, கையை உயர்த்தி, உரத்த குரலில் மூச்சுவிடாமல் பெயர்களாகச் சொல்லிக்கொண்டே போகிறார். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் என்னை முறைத்தார். சுப்ராஜ் என்று பெயராம் அதற்கு. அந்த வீட்டுப் பரம்பரையைத் தலைமுறை தலைமுறையாக வாழ்த்திச் சொல்வது. வரிசையின் கடைசியில் அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த குழந்தையின் பெயர் வந்தபோது, முற்றத்தில் இருந்த கிழவி ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவர்கள் மாங்கணியார்கள். முஸ்லிம்கள். ஜஜ்மான் என்கிற புரவலர் குடும்பங்கள் பெரும்பாலும் இந்துக்கள். இன்ன பாட்டுக்காரர் குடும்பத்துக்கு இன்ன வீடுகள் என்பது அப்பன், பாட்டன் காலத்திலிருந்து வருகிற பாத்தியதை. பிறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இவர்கள் வந்து பாட வேண்டும், பதிலுக்கு தானியம், ஆடு, ஒட்டகம், பணம் என்று அவர்கள் கொடுக்க வேண்டும். அதே மூச்சில் கிருஷ்ணன் பாட்டும் பாடுவார்கள், சூஃபிப் பாட்டும் பாடுவார்கள். லங்காக்கள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. அவர்களுக்குப் புரவலர்களும் முஸ்லிம்கள், வாத்தியம் சிந்தி சாரங்கி. இரண்டு கூட்டத்தையும் ஒலிப்பதிவு செய்து வெளியுலக மேடைகளுக்கு அழைத்துவந்தவர் நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரி. 1960இல் போருந்தா கிராமத்தில் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவோடு சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தான் என்ற நாட்டுப்புறக் கலை ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தாளம் இல்லாமல் ஒரு தோஹா, அதாவது இரண்டடிச் செய்யுள். ராகம் அதிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் விருத்தத்துக்கு என்ன வேலையோ அதே வேலை. பேரன் பையிலிருந்து மோர்ச்சங் எடுத்தபோது நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன், நம் மோர்சிங்! அப்புறம் மூமல் என்பவளின் பாட்டைப் பாடினார்கள். ஜெய்சல்மர் பக்கத்து லோத்ரவாவில் இருந்த அழகி அவள். அமர்கோட்டிலிருந்து அவள் காதலன் மகேந்திரன் ராத்திரிதோறும் ஒட்டகத்தில் வந்து போவான். பாட்டு அவளைத் தலையிலிருந்து வர்ணிக்கிறது, கேசாதிபாதம்தான். தலை தேங்காய் மாதிரி, கூந்தல் பாம்பு மாதிரி. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு தென்னை இல்லாத ஊரில் தேங்காயைப் பாடுகிறார்கள். தேங்காய் அங்கே பூஜைக்கு வருகிற அரிய பொருள், அதனால்தான் உவமையாகிறது என்று நானாக ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். நம் வீட்டில் அது துவையல்.

அந்த அமர்கோட் இன்றைக்கு உமர்கோட், பாகிஸ்தானில் இருக்கிறது. 1947இல் கோடு போட்டபோது பாட்டுக்காரர்கள் ஒரு பக்கமும் அவர்களுடைய ஜஜ்மான் வீடுகள் மறுபக்கமுமாக நின்றது உண்டு. 2006இல் எல்லை ஊரான முனாபாவ் வழியாக இரு பக்கத்தையும் இணைத்து தார் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியது, 2019இல் அதுவும் நின்றது. மகேந்திரன் ஒட்டகம் மட்டும் பாட்டுக்குள் போய்வருகிறது.

எல்லாம் ஒற்றுமை, இனிமை என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டால் அது பொய். பாடுகிறவருக்கு அந்த முற்றத்தில் மரியாதை உண்டு, சமமான ஆசனம் கிடையாது. மாங்கணியார் என்ற பெயரிலேயே 'கேட்டு வாங்குகிறவன்' என்பது ஒட்டியிருப்பதால், பலர் மீர் என்று சொல்லிக்கொள்ளவே விரும்புகிறார்கள். 2017இல் ஜெய்சல்மர் மாவட்டத்துத் தாந்தல் கிராமத்தில், கோயிலில் பாடிய பாட்டு சரியில்லை என்று எழுந்த தகராறில் ஒரு பாடகர் கொல்லப்பட்டார். மாங்கணியார் குடும்பங்கள் பயந்து ஊரையே காலி செய்தன.

விசேஷம் முடிந்து திரும்பும்போது ஜீப்பில் பெரியவர் என்னிடம் கேட்டார்: "உன் அப்பா பெயர்?" சொன்னேன். "தாத்தா?" சொன்னேன். "அவருக்கு அப்பா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. "உங்கள் வீட்டுக்குப் பாட்டுக்காரன் இல்லையா?"

ஊருக்கு வந்ததும் அத்தைக்குப் போன் போட்டேன். அத்தைக்குத் தெரிந்தது முப்பாட்டனின் பட்டப்பெயர்தான், அதை இந்த மேடையில் சொல்ல முடியாது. பெரியப்பா வீட்டுப் பரணில் இருந்த பழைய பத்திரம் ஒன்றில் உண்மையான பெயர் கிடைத்தது. பெரியவரின் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. கமைச்சா ஒரு இழுப்பு, அப்புறம் பெரியவர் குரல், என் முப்பாட்டன், பாட்டன், அப்பா, நான். அவர் வாயில் எங்கள் ழகரம் படாத பாடு பட்டிருந்தது. கடைசியில் பாட்டை நிறுத்தி, சாதாரணக் குரலில் ஒரு வரி:

"நான்கு தலைமுறை பாடியாகிவிட்டது. ஆடு எப்போது அனுப்புவாய்?"