காலியாக மறுக்கும் குப்பைத்தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். கணினியில் வேண்டாத ஃபைல்களை அழித்தால் அவை நேரே மறைந்துவிடுவதில்லை; குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. விண்டோஸில் அது ரீசைக்கிள் பின், மேக்கிலும் லினக்ஸிலும் டிராஷ். காலி செய்யச் சொன்னால் சில நேரம் ஒன்றிரண்டு மட்டும் போகாமல் அடம்பிடிக்கும். சில நேரம் எல்லாம் போனதுபோல் இருக்கும். மறுநாள் பழையபடி நிறைந்திருக்கும்.

அப்போது திரும்பத் திரும்ப 'காலி செய்' பொத்தானை அழுத்துவதில் பயனில்லை. அடம்பிடிக்கும் ஃபைல் எது, அது எந்த டிரைவில் கிடக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? இந்த மூன்றையும் முதலில் கண்டுபிடியுங்கள்.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். தொட்டியைத் திறந்து, பாதி ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழியுங்கள். போய்விட்டால் குற்றவாளி மீதிப் பாதியில் இருக்கிறது. அதையும் பாதியாக்குங்கள். ஆயிரம் ஃபைல் இருந்தாலும் பத்தே சுற்றில் சிக்கிவிடும்.

அடுத்து, எங்கே கிடக்கிறது? இதைப் பலர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரையில் தெரியும் தொட்டி ஒன்றுதான்; உள்ளே அது ஒன்றல்ல. ஒவ்வொரு டிரைவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொட்டி தனியாக இருக்கிறது. திரையில் பார்ப்பது அவை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் ஜன்னல். வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருக்கும்போது அதிலிருந்து அழித்தவை அந்த டிஸ்க்கிலேயேதான் இருக்கும். கழற்றினால் தொட்டி காலியானதுபோல் தோன்றும், செருகினால் திரும்பி வந்துவிடும். மறுநாள் நிறைந்துவிட்டது என்று சொல்கிறோமே, பெரும்பாலும் கதை இதுதான்.

பென்டிரைவைப் பாருங்கள். விண்டோஸில் பென்டிரைவிலிருந்து அழித்தால் பொதுவாகத் தொட்டிக்கே போகாது, அப்படியே அழிந்துவிடும். மேக்கிலோ லினக்ஸிலோ அழித்தால் அந்தப் பென்டிரைவுக்குள்ளேயே மறைவான ஃபோல்டர் ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்த்தால் ஒரு ஃபைலும் இல்லை, ஆனால் இடம் இல்லை என்கிறது! ஃபைல்களை அழித்த கணினியிலேயே மறுபடி செருகி, செருகியபடியே தொட்டியைக் காலி செய்யுங்கள். இடம் திரும்பக் கிடைக்கும். மெமரி கார்டு என்றால், அதன் ஓரத்தில் சின்னப் பூட்டுப் பொத்தான் இருந்தால் அதையும் பாருங்கள். அது பூட்டிய பக்கம் நகர்ந்திருந்தால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது.

சரி, யார் பிடித்திருக்கிறார்கள்? 'ஃபைல் பயன்பாட்டில் உள்ளது' என்ற செய்தி வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கிறது. நமக்குத் தெரிந்த புரோகிராம்களை மூடிவிடுவோம். தெரியாமல் பிடித்திருப்பவையும் உண்டு: ஃபைலின் முன்னோட்டம் காட்டும் பகுதி, வைரஸ் தடுப்பான், இணையச் சேமிப்போடு ஒத்திசைக்கும் புரோகிராம். முன்னோட்டத்தை மூடுங்கள், ஒத்திசைவைத் தற்காலிகமாக நிறுத்துங்கள், பிறகு முயலுங்கள்.

விண்டோஸில் ஆளையே காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது: ரிசோர்ஸ் மானிட்டர். அதில் சிபியு பக்கத்தில் ஹேண்டில்களை, அதாவது எந்தப் புரோகிராம் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை, தேடும் பெட்டி இருக்கும். அங்கே ஃபைலின் பழைய பெயரைப் போட்டுத் தேடினால் அகப்படாது. ஏனென்றால் தொட்டிக்குள் போனதும் விண்டோஸ் பெயரை மாற்றிவிடுகிறது. டாலர் குறி, ஆர் எழுத்து, அதற்குப் பின்னால் பொருளற்ற சில எழுத்துகள் என்று ஆகிவிடும். ஆகவே 'ரீசைக்கிள்' என்று ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வரும். அப்படியும் தெரியாவிட்டால் கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்து ஆன் செய்வதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பது நல்லது. வேகத் தொடக்க வசதி இயங்கினால் ஷட்டவுன் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

மேக்கில் ஃபைல் பூட்டப்பட்டிருக்கலாம். அதன் தகவல் ஜன்னலைத் திறந்து 'லாக்டு' என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுங்கள். நிறைய இருந்தால் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி காலி செய்யுங்கள்.

லினக்ஸில் பெரும்பாலும் உரிமைச் சிக்கல். உங்கள் ஃபோல்டருக்குள் நிர்வாகிக்குச் சொந்தமான ஃபோல்டர் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். வெளி ஃபோல்டரை நகர்த்துவது இடமாற்றம் மட்டுமே, அதற்குத் தடையில்லை. காலி செய்யும்போதோ உள்ளே இறங்கி ஒவ்வொன்றாக நீக்கவேண்டும். உள் ஃபோல்டரில் உங்களுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் தொட்டிக்குள் சுலபமாகப் போனது வெளியேற மறுக்கிறது. அந்த உள் ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டளை தட்டி அழிக்கும் வழிகள் இருக்கின்றன, வானொலியில் அவற்றை நான் வாசிக்கப்போவதில்லை. இடப்பெயருக்கு நடுவில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால், தொட்டிக்குப் பதிலாக உங்கள் முழு ஃபோல்டரும் அழிந்துவிடலாம். திரும்பி வராது. மவுஸால் முடிகிற வேலையை மவுஸாலேயே முடியுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, விண்டோஸின் நீளமான பெயர்கள் பற்றிச் சுருக்கமாக. ஃபைல் இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களும் சேர்ந்த முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் அழிக்க மறுக்கலாம். ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே மீட்டு, பெயர்களைச் சுருக்கி, பிறகு அழியுங்கள்.

கடைசியாக, விண்டோஸில் ரீசைக்கிள் பின் தொட்டியே பழுதாகிவிட்டது என்று செய்தி வந்து, காலி செய்யவா என்று கேட்டால், 'ஆம்' சொன்னதும் அந்த டிரைவின் தொட்டியில் உள்ள எல்லாமே போய்விடும். மீட்க வேண்டியது இருந்தால் முதலில் மீட்டுவிடுங்கள். பழுது டிரைவிலேயே இருக்கிறதா என்று பார்க்க, அதன் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பக்கத்தில் பிழை சோதனை இருக்கிறது. மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் ஃபர்ஸ்ட் எய்ட். சோதித்த பிறகும் பிழை திரும்பத் திரும்ப வந்தால், தொட்டியை அப்படியே விட்டுவிட்டு முக்கியமான ஃபைல்களை உடனே வேறு டிஸ்க்கில் நகலெடுங்கள். வணக்கம்.