பேச மட்டும் தெரிந்த ரேடியோவுக்கு மோர்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹாம் ரேடியோ என்று சொல்லப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் கருவியின் மூடியைக் கழற்றி, அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்கப் பார்ப்பார்கள். "இருப்பதை வைத்துப் பேசினால் போதாதா?" என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்விதான். அந்தப் பழக்கத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். குரலை மட்டும் அனுப்பத் தெரிந்த ஒரு சிற்றலை டிரான்ஸீவரை, அதாவது அனுப்பவும் வாங்கவும் கூடிய கருவியை, புள்ளியும் கோடுமாக எழுத்துகளைச் சொல்லும் மோர்ஸையும் அனுப்ப வைப்பது எப்படி?

கையால் கட்டும் எளிய கருவிகளில் இந்தக் குறை அதிகம். அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து, உலகம் முழுக்கப் பலர் கட்டிப் பார்த்த பிட்எக்ஸ் கருவியின் தொடக்க வடிவம் அப்படிப்பட்டதுதான். மைக், ஸ்பீக்கர், நடுவில் ஒரு சுற்று. மோர்ஸ் கிடையாது. அதை வடிவமைப்பாளரின் மறதி என்று நினைக்க வேண்டாம். மோர்ஸ் வேண்டுமென்றால் கீ எனும் தட்டும் சாவிக்கு இணைப்பு, அனுப்பும் அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தும் ஏற்பாடு, நாம் தட்டுவது நமக்கே கேட்க ஒரு ஒலி, வாங்குவதிலிருந்து அனுப்புவதற்குத் தானாக மாறும் வசதி என்று நாலைந்து சங்கதிகள் கூடவே வந்துவிடும். முதல்முறை கட்டுகிறவர் தலையில் அதையெல்லாம் ஏற்றாமல் விட்டது நல்ல முடிவு.

சரி, இந்தக் காலத்தில் மோர்ஸ் எதற்கு? 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டுக்குப் பிறகு, ஹாம் உரிமம் பெற மோர்ஸ் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்றாகிவிட்டது. கட்டாயம் போன பிறகும் ஆட்கள் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. குரல் தெளிவாகக் கேட்க ஏறக்குறைய 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸைக் கேட்க 240 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வடிகட்டி போதும். பத்தில் ஒரு பங்கு அகலம் என்றால், உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் 5 வாட் கருவியை 50 வாட் ஆக்கியதற்குச் சமமான லாபம் அது. சின்ன கருவி வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான பலம் கிடையாது.

இப்போது மூடியைத் திறப்போம். குரல் கருவி என்று நான் சொல்வது சிங்கிள் சைட்பேண்ட் கருவியை, சுருக்கமாக எஸ்.எஸ்.பி. உள்ளே ஓர் ஆஸிலேட்டர் நிலையான அலை ஒன்றை உண்டாக்குகிறது. அதைக் கேரியர் என்போம். கேரியரும் மைக்கிலிருந்து வரும் குரலும் பாலன்ஸ்டு மாடுலேட்டர் என்ற இடத்தில் கலக்கின்றன. அங்கே கேரியர் தன்னைத்தானே ரத்து செய்துகொள்ள, அதன் இரு பக்கமும் குரலைச் சுமக்கும் பக்கப்பட்டைகள் மட்டும் வெளியே வருகின்றன. அடுத்து நிற்கும் கிரிஸ்டல் ஃபில்டர் ஒரு பட்டையை விட்டு மற்றதை வெட்டிவிடுகிறது. பேசினால் அலை வரும். வாயை மூடினால் ஆன்டெனாவுக்கு ஒன்றும் போகாது.

மோர்ஸுக்கு வேண்டியதோ வெறும் கேரியர்தான். கீயை அழுத்தினால் இருக்க வேண்டும், விட்டால் போக வேண்டும், அவ்வளவே. அந்தக் கேரியர் கருவிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வெளியே வரவிடாமல் அடக்கத்தான் பாதிச் சுற்று வேலை செய்கிறது. மாடுலேட்டர் ஒரு முறை அமுக்குகிறது. ஃபில்டரின் சரிவு மறுபடியும் அமுக்குகிறது. ஆகவே புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. அமுக்கி வைத்ததை எங்கே, எப்படி விடுவிப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

மூடியையே திறக்காமல் செய்யும் வழியை முதலில் சொல்கிறேன். மைக் துளையில் 700 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றைக் கொடுத்துவிடுவது. கேரியர் அமுங்கி, மறுபக்கப் பட்டையும் வெட்டுப்பட்டால், வானில் போவது ஒரே ஒரு அலை. எதிரில் கேட்பவருக்கு அது அசல் மோர்ஸ் கருவியா, மைக் வழியாக வந்த ஒலியா என்று தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒலி சுத்தமான சைன் அலையாக இருக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கைக்குக் கிடைத்த 555 என்ற டைமர் ஐ.சி.யிலிருந்தோ மைக்ரோகன்ட்ரோலரின் காலிலிருந்தோ சதுர அலையை எடுத்து மைக்கில் விட்டால் என்ன ஆகும்? சதுர அலையில் மூன்றாம் மடங்கு அதிர்வெண், மூலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீச்சோடு இருக்கும். 700-இன் மூன்று மடங்கு 2,100. அது குரலுக்கான பட்டைக்குள்ளேயே வருவதால் ஃபில்டர் அதை மரியாதையாக உள்ளே விடும். ஒரு கீயைத் தட்டினால் வானில் இரண்டு நிலையங்கள்! எனவே ஒலியை நல்ல லோ-பாஸ் ஃபில்டர் வழியாக அனுப்ப வேண்டும். மைக் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவைக் குறைக்க வேண்டும், குரலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் இருந்தால் அணைக்க வேண்டும். மைக்கையும் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் மோர்ஸுக்குப் பின்னணியில் வீட்டுச் சண்டையும் போகும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பாலன்ஸ்டு மாடுலேட்டரின் சமநிலையை வேண்டுமென்றே கெடுப்பது. கீயை அழுத்தும்போது ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் நேர்மின்னோட்டத்தை அதன் ஒரு பக்கத்துக்குக் கொடுத்தால் தராசு சாய்ந்து, கேரியர் வெளியே வந்துவிடும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் ஆன்டெனா பக்கம் ஏமாற்றமாகத்தான் இருக்கும், பவர் மிகக் குறைவாக வரும். கேரியரின் இடம் ஃபில்டரின் விளிம்புச் சரிவு என்பதுதான் காரணம். எஸ்.எஸ்.பி.க்கு அங்கேதான் அது இருக்கவும் வேண்டும். ஆகவே அனுப்பும்போது மட்டும் அந்த ஆஸிலேட்டரை 700 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஃபில்டரின் உள்பக்கமாக நகர்த்த வேண்டும். கிரிஸ்டல் ஆஸிலேட்டரில் இது கஷ்டமில்லை. கிரிஸ்டல் காணும் கெபாசிட்டன்ஸைக் குறைத்தால் அதிர்வெண் ஏறும், கூட்டினால் இறங்கும். திருகி மாற்றும் கெபாசிட்டரான ஒரு சின்ன டிரிம்மரும் அதை இணைத்துத் துண்டிக்க ஒரு டயோடும் போதும். எஸ்.ஐ.5351 போன்ற ஐ.சி. அதிர்வெண் தரும் கருவி என்றால் சால்டரிங் இரும்பே வேண்டாம், மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் ஆயிற்று.

இந்த நகர்த்தலில் ஓர் அழகு இருக்கிறது. மோர்ஸ் பேசும் இருவரும் ஒரே அதிர்வெண்ணில் அனுப்ப வேண்டும். ஆனால் கேட்கும்போது அலை ஒலியாகக் கேட்க வேண்டுமானால் நம் ஆஸிலேட்டர் அதிலிருந்து 700 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்க வேண்டும். ஃபில்டருக்காக நாம் நகர்த்திய அதே 700 ஹெர்ட்ஸ் இந்தத் தேவையையும் தீர்த்துவிடுகிறது. எதிரில் உள்ளவரின் ஒலி உங்கள் காதில் 700 ஹெர்ட்ஸாக விழும்படி திருப்பி வைத்தால், நீங்கள் அனுப்புவது சரியாக அவர் மேலேயே போய் உட்காரும். தனியாக ஓர் ஏற்பாடு தேவையில்லை.

மூன்றாவது வழி, மாடுலேட்டரையும் ஃபில்டரையும் சுற்றிப் போய், அனுப்ப வேண்டிய அதிர்வெண்ணையே நேரடியாக உண்டாக்கிப் பின்னால் உள்ள பெருக்கிகளுக்குக் கொடுப்பது. பிட்எக்ஸின் வாரிசான மைக்ரோ பிட்எக்ஸ் இந்த வகைதான். சுத்தமான வழி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்கும் நேரத்தில் அந்த ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ரிசீவரே அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கும்போது அதை முழுசாக அணைத்துவிட வேண்டும்.

எந்த வழியில் போனாலும், மீட்டரில் முள் ஏறியதும் வேலை முடிந்துவிட்டது என்று மூடியைப் பூட்டிவிடுகிறார்கள். உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. கீயை அழுத்திய கணத்தில் அலை பூஜ்யத்திலிருந்து முழு உயரத்துக்குத் தாவினால், அந்தத் தாவல் அக்கம்பக்கத்தில் பல கிலோஹெர்ட்ஸ் தூரத்துக்கு 'டிக் டிக்' என்று சிதறும். ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் முழுவதும் அதிர்கிறதே, அந்த மாதிரி. கீ கிளிக் என்று பெயர். அனுப்புகிறவருக்கு இது கேட்காது, பக்கத்து அதிர்வெண்ணில் இருப்பவர்தான் பல்லைக் கடிப்பார். மருந்து எளிது: அலை ஏறவும் இறங்கவும் 5 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளட்டும். கீ மின்னழுத்தம் போகும் பாதையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வைத்தால் ஏறும் நேரம் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும். இறங்கும் பக்கமும் அதே பாதையில் வடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லி வினாடி, 40 சொல் வேகத்தில் 30. ஆகவே 5 மில்லி வினாடி கொடுப்பதால் எழுத்து குழையாது. இதில் எஸ்.எஸ்.பி. கருவிக்கு ஒரு நன்மை உண்டு. அதன் பெருக்கிகள் எல்லாம் வந்த வடிவத்தை அப்படியே பெருக்கும் லீனியர் வகை என்பதால், முன்னால் கொடுத்த வளைவு பின்னால் வரை கலையாமல் போகும். மோர்ஸுக்கென்றே கட்டிய, லீனியர் அல்லாத கிளாஸ்-சி கருவிகளில் பல நேரம் அப்படி நடக்காது.

அடுத்து ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். வாங்குவதிலிருந்து அனுப்புவதற்கு மாற்றும் ரிலேயின் முனைகள் போய் உட்காரச் சில மில்லி வினாடிகள் ஆகும். அதற்குள் பவர் வந்தால் முனைகளில் பொறி பறக்கும், நாளடைவில் கருகும். கீயை அழுத்தியதும் ரிலே, பிறகு 10 மில்லி வினாடி கழித்து அலை என்று வரிசை இருக்க வேண்டும். ஆனால் முதல் புள்ளியின் தலையை வெட்டி அந்த 10 மில்லி வினாடியை எடுக்காதீர்கள். புள்ளி, கோடு எல்லாவற்றையும் அப்படியே 10 மில்லி வினாடி தள்ளி அனுப்புவதுதான் சரி. சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கு அது சுலபமான வேலை. கையை எடுத்தபின் அரை வினாடி போல ரிலே பிடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் படபடவென்று அடிக்காது.

அப்புறம் சூடு. பேச்சில் இடைவெளிகளும் ஏற்ற இறக்கங்களும் இருப்பதால் கடைசி டிரான்சிஸ்டரின் சராசரிச் சுமை குறைவு. மோர்ஸில் கீ கீழே இருக்கும் நேரமெல்லாம் முழு பவர். குரலுக்கு அளவாகத் தந்த ஹீட் சிங்க் இதற்குப் போதாமல் போகலாம். முதலில் பாதி பவரில் ஓட்டி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். தொட்டுப் பார்ப்பதாக இருந்தால், பவரை அணைத்த பிறகு.

மோர்ஸுக்குப் பதில், கேரியரோடு குரலை அனுப்பும் ஏ.எம். சேர்க்க நினைப்பவர்களும் உண்டு. அதே தராசைச் சாய்க்கும் வித்தைதான். ஆனால் முழு மாடுலேஷனில் உச்சப் பவர் கேரியரைப் போல நான்கு மடங்காகும். 100 வாட் கருவியில் கேரியரை 25 வாட்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அதிர்வெண்ணை அசைத்துக் குரலை அனுப்பும் எஃப்.எம். சேர்ப்பது வேறு கதை. 5 கிலோஹெர்ட்ஸ் விலகலும் 3 கிலோஹெர்ட்ஸ் குரலும் சேர்ந்தால் 16 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எஸ்.எஸ்.பி. ஃபில்டர் வழியாக அதை இழுக்கவே முடியாது. ஆஸிலேட்டரில் மின்னழுத்தத்தால் கெபாசிட்டன்ஸ் மாறும் வராக்டர் டயோடு, ஃபில்டருக்கு மாற்றுப்பாதை, வாங்கும் பக்கம் தனி டிடெக்டர் என்று கிட்டத்தட்ட இன்னொரு கருவியையே உள்ளே வைக்க வேண்டிவரும். நான் என்றால் எஃப்.எம். கருவி ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவேன்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். டயோடு ஒன்றை வெட்டி, ஹாம் பட்டைகளுக்கு வெளியேயும் அனுப்ப வைக்கும் மாற்றங்களும் புழக்கத்தில் உண்டு. நான் பேசும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உரிமம் அனுமதிக்கும் பட்டையில், அனுமதிக்கும் முறையைச் சேர்ப்பது மட்டும்தான் இங்கே பேச்சு.

செய்யப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில சொற்கள். சர்க்யூட் படம் கையில் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள். பலகையின் தடங்களை வெட்டாமல், தனிப் பலகையில் கட்டி நாலு கம்பியில் இணைத்தால், வேண்டாதபோது கழற்றிவிடலாம். முதல் சோதனைகள் எல்லாம், ஆன்டெனாவுக்குப் பதில் பவரை விழுங்கும் 50 ஓம் டம்மி லோடில் நடக்கட்டும். பக்கத்தில் இன்னொரு ரிசீவரை, முடிந்தால் அக்கம்பக்க அதிர்வெண்களைத் திரையில் வாட்டர்ஃபால் படமாகக் காட்டும் எஸ்.டி.ஆர். என்ற மென்பொருள் ரிசீவர் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஆனால் மிக அருகில் இருக்கும் ரிசீவர் திணறிப்போய் இல்லாத குறையையும் காட்டும், அதன் ஆன்டெனாவைக் கழற்றிவிடுவது நல்லது. திரையில் ஒற்றைக் கோடு தெரிந்து, அக்கம்பக்கம் இருட்டாக இருந்தால் ஆன்டெனாவை மாட்டலாம்.

முதல் தொடர்பில் எதிரில் கிடைப்பவர் பெரும்பாலும் 599, அதாவது சிக்னல் அருமை, என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அது வெறும் மரியாதை. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அவருடைய ரிசீவரை உங்கள் அதிர்வெண்ணிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் மேலும் கீழும் நகர்த்தி, அங்கே ஏதாவது டிக் சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள். கேட்கிறது என்று சொன்னால் அந்தக் கெபாசிட்டரைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் மூடியைப் பூட்டலாம்.

நன்றி, வணக்கம்.