மூலையில் ஒரு வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. பெயர் புள்ளி. உடம்பு முழுக்கப் பழுப்பு, இடது காது மடலில் மட்டும் காசு அளவுக்கு ஒரு கறுப்பு. அதனால் அந்தப் பெயர். இலக்கணப்படி நாய் அஃறிணை, 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே வந்து 'அது' என்றால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருக்கும். 'அவள்' என்றே சொல்லிவிடுகிறேன், தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி தெருவிலிருந்து மீட்கப்பட்டவள். மீட்டவர்கள் காயம் ஆறும்வரை வைத்திருந்து, பிறகு எங்களிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு யாரிடம் இருந்தாள், என்ன பெயரில் கூப்பிட்டார்கள், ஒன்றும் தெரியாது. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வளர்ந்த நாய்க்கு 42 பல். எல்லாம் முளைத்து, முன்பற்களின் முனை லேசாகத் தேய்ந்திருந்தது. "இரண்டு, மூன்று வயசு இருக்கலாம்" என்று சொல்லி அட்டையில் எழுதினார். அவளுடைய வரலாறு என்று எங்கள் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான். மீதியை அவள் நடந்துகொள்வதை வைத்து நாங்களாக ஊகித்துக்கொள்கிறோம்.

சாப்பிடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தட்டை வைத்தோம். வந்தாள், ஒரு வாய் கவ்வினாள், ஓடினாள். கூடத்தைத் தாண்டி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மூலைக்குப் போய், கவ்வியதைத் தரையில் போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தின்றாள். திரும்பி வந்து அடுத்த வாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபது நடை! சரி, தட்டையே மூலையில் வைத்துவிடலாம் என்று வைத்தேன். அன்றைக்கு அந்த மூலையை விட்டுவிட்டு வாசல் பக்கம் ஓடினாள். அப்போதுதான் உறைத்தது. மூலை முக்கியமில்லை, உணவு கிடைத்த இடத்தை விட்டு விலகுவதுதான் அவளுக்கு முக்கியம். யாரிடமிருந்து அப்படி ஓடிப் பழகினாளோ.

அடுத்தது துடைப்பம். பெருக்கும்போது ஒன்றும் செய்ய மாட்டாள். அதே துடைப்பத்தைக் கையில் எடுத்துச் சற்று உயர்த்தினால், ஒட்டடை அடிக்கத்தான் என்றாலும், தரையோடு தரையாகப் படுத்துவிடுவாள். குடைக்கும் அப்படியே. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட நாய்களோடு பழகியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தணிய 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று தோன்ற 3 மாதம். நல்ல கணக்குதான். ஆனால் புள்ளிக்கு அதை யாரும் சொல்லவில்லை போல. ஏழு வாரம் அவள் குரைக்கவே இல்லை. குரல் ஏதும் கெட்டுப்போயிருக்குமோ என்று மருத்துவரிடம் கேட்கிற அளவுக்குப் போய்விட்டோம். ஒருநாள் அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரே ஒரு 'வவ்'. குரைத்தது யாரென்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வீடே கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள் என்பது வேறு விஷயம்.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. ஒரு மதியம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாசம் மிகுந்துபோய்க் குனிந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன். கண் திறப்பதற்கு முன் பல் திறந்துவிட்டது. மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்து ரத்தம். அவளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது, இருந்தாலும் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவினேன். அப்புறம் மருத்துவமனை. வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாருமே பிழைப்பதில்லை. அதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டியதிலிருந்து வருகிற வழி இது. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கோபம் என் மேல்தான். தூங்குகிறவளைத் தொடுவதற்கு முன் பெயரைச் சொல்லியிருக்கலாம். இப்போது நாலடி தள்ளி நின்று 'புள்ளி' என்பேன், காது அசையும், வால் ஒரு தட்டுத் தட்டும், அதற்குப் பிறகுதான் கிட்டே போவேன்.

இன்னொன்று, இந்தக் குற்ற உணர்ச்சி விவகாரம். செருப்பைக் கடித்து வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து, கண்ணை ஓரமாகத் திருப்பி ஒரு பார்வை பார்க்குமே, "பாருங்க, செய்த தப்பு அவளுக்கே தெரியுது" என்று நாமும் சொல்வோமே. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்து எழுதினார். தின்னக் கூடாது என்று சொன்ன பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை வைத்து அந்த முகம் வரவில்லை. வளர்த்தவர் திட்டினாரா என்பதை வைத்துத்தான் வந்தது. ஒரு பாவமும் செய்யாத நாய் கூட, திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. இதைப் படித்த அன்று என் பழைய செருப்பை எடுத்துப் பார்த்தேன். அதற்காக நான் போட்ட சத்தத்தை நினைத்துப் பார்த்தேன். புள்ளி வருத்தப்படவில்லை, பயந்திருக்கிறாள். நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு பெருமையாக மன்னித்தும் இருக்கிறேன்!

இப்போது அவள் வந்து ஒன்றரை வருடம். போன மாதம் ஒரு காலை, தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் ஓடுகிற நகச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்க்க ஆசை, பார்த்தால் ஓடிவிடுவாளோ என்று அப்படியே நின்றேன். தட்டு தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. நின்ற இடத்திலேயே முழுவதையும் தின்று, தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே என் குதிகால் வரைக்கும் வந்துவிட்டாள். மறுநாள் மறுபடியும் மூலைக்கு ஓடினாள். இப்படி மாறி மாறித்தான் போகிறது.

நான் வெளியே போனால் வாசற்படிக்கு உள்பக்கம் படுத்துக்கொள்வாள். ஒருமுறை வெளியூரிலிருந்து ஃபோன் செய்தபோது வீட்டில் ஸ்பீக்கரில் போட்டு என் குரலைக் கேட்க வைத்தார்கள். ஃபோனை முகர்ந்து பார்த்தாளாம், அதன் பின்பக்கம் தேடினாளாம். அப்புறம் வாசலுக்குப் போய்ப் படுத்தவள் நான் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து என் குரலை மட்டும் தனியாக அவளுக்கு அனுப்புவதில்லை.

இந்தப் பேச்சு இப்போது ஒலிப்பதிவாகிறது. இது ஒலிபரப்பாகிற நேரத்துக்கு நான் வீட்டில், புள்ளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். அவள் வானொலிப் பெட்டியைப் பார்ப்பாளா, என்னைப் பார்ப்பாளா என்று வீட்டில் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

வணக்கம்.