மைதானத்தைக் கெடுத்தது மழையல்ல!

நடுவர் அவர்களுக்கும், பழியை மழைமீது போட்டுவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் எதிரணியினருக்கும் வணக்கம். மலையகத்தின் பழைய உதைபந்தாட்ட மைதானங்களைக் கெடுத்தது மழையா, மனிதரா? மனிதர்தான் என்பது எங்கள் கட்சி.

"இங்கே பெய்கிற மழைக்கு எந்தப் புல்லு நிற்கும்?" என்று கேட்டார் எதிரணித் தம்பி. நுவரெலியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,900 மில்லிமீற்றர் மழை. கொழும்பில் சுமார் 2,400. கூடுதலாக நனைவது கொழும்புதான், தம்பி! ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: நம் குளிரில் ஈரம் லேசில் காயாது. அதனால்தான் தண்ணீரை வெளியேற்றுவது இங்கே பெரிய வேலை.

மைதானத்துக்கு வாய்த்த நிலமும் அப்படி: கண்டி போகம்பரை மைதானம் பழைய குளம் இருந்த நிலம். மலைச்சரிவில் மைதானம் என்றாலோ ஒரு பக்கத்தை வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் மட்டமாக்க வேண்டும். வெட்டிய பக்கம் இறுகிய அடிமண். கொட்டிய பக்கம் போகப்போக அமுங்கும். மேட்டுத் தண்ணீரை மறிக்க மலையடியில் ஒரு கான், அதாவது வடிகால், கட்டாயம் வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கானுக்கு மேலே கடை கட்டி, உள்ளே பொலித்தீன் பை போட்டு அடைத்தால், மலைத்தண்ணீர் முழுவதும் மூலைக்கொடியடியில் வந்து நிற்கும். கடை கட்டியதும் மழையா?

அடுத்தது லொறி. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி பேசினார். மலையக வரலாற்றில் இடம்பெற்ற கூட்டம் அது. கூட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த மைதானமானாலும் ஈரத்தரையில் மேடைச் சாமான் லொறி ஏறினால் மேல்மண் இறுகும். மண்ணின் துவாரங்கள் மூடிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது, காற்றில்லாமல் வேர் அழுகும். மறுநாள் சில்லுத் தடத்தில் களிமண்ணைக் கொட்டி மிதித்துவிட்டுப் போவார்கள் பாருங்கள், அதுதான் பெரிய பாவம்! களிமண் தண்ணீரை இன்னும் பிடித்துவைக்கும்.

மருந்து நம் தோட்டத்திலேயே இருக்கிறது: முள்ளுக் குத்துவது, அதாவது பல்லுள்ள முள்ளால் மண்ணில் துளை போடுவது. தரை காய்ந்துவரும் பதத்தில், சாணுக்கு ஒரு குத்தாக, 10 சென்ரிமீற்றர் ஆழம் குத்தி லேசாக நெம்ப வேண்டும். சேறாக இருக்கும்போது குத்தினால் துளையின் சுவர் பூசினதுபோல் அடைத்துக்கொள்ளும். பிறகு கழுவிய ஆற்றுமணலைத் தூவித் துளைக்குள் கூட்டிவிட வேண்டும். தரையும் நடுவில் உயர்ந்து இருபக்கமும் 100க்கு 1 சரிய வேண்டும். 64 மீற்றர் அகலத்துக்கு நடுமேடு 32 சென்ரிமீற்றர். கோல் வாசலில் புல் போனால், பயிற்சிக் கோலை வேறு இடத்துக்கு மாற்றிவைத்தாலே போதும். அதற்குக்கூட ஆளில்லை!

செலவு என்பார்கள். 100க்கு 64 மீற்றர் மைதானத்துக்கு 5 மில்லிமீற்றர் மணல் என்றால் 32 கனமீற்றர், ஏறக்குறைய 11 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கான் வாயில் கடை கட்டத் தெரிந்த ஊருக்கு 11 கியூப் மணல் இறக்கத் தெரியாதா, நடுவர் அவர்களே?