ஊரை விட்டுப் போகாத பிரமன்

அவையோருக்கு வணக்கம்.

தஞ்சை அரண்மனையில் இருக்கும் கலைக்கூடம் யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. 1951இல் தஞ்சையை ஒட்டிய கரந்தையில் இருந்த ஒரு பிரமன் சிலையைக் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக ஓர் ஆய்வாளர் வந்து கேட்டார். ஊர்க்காரர்கள் விட மறுத்தார்கள். அப்போதைய மாவட்ட ஆட்சியர் டி.கே.பழனியப்பன் கலைக்கூடம் அமைக்க முடிவெடுக்க, அதே ஆண்டு டிசம்பரில் அது திறந்தது. கேட்பாரற்றுக் கிடந்த கற்சிலைகள் வந்தன. தாராசுரத்துப் பிட்சாடனர் (பிச்சை கேட்டு வரும் கோலத்துச் சிவன்), அவரைப் பார்த்து நிற்கும் ரிஷிபத்தினிகள் என்று கூட்டம் சேர்ந்தது.

செப்புத் திருமேனிகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் யாராவது புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவதுதான் பெரிய கேடு. மேல்படிந்த களிம்பு போய், உள்ளே உறைந்திருக்கும் குளோரைடு என்ற உப்பு வெளிக்காற்றைப் பார்த்துவிடும். ஈரம் பட்டதும் அமிலமாகிச் செம்பைத் தின்னும். தின்றபின் மறுபடி குளோரைடாகும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் நோய் பிடித்துவிட்டது என்று பொருள்.

மருந்து, சோடியம் செஸ்கிகார்பனேட் என்ற காரஉப்பின் ஐந்து சதவீதக் கரைசல். அதில் ஊறப்போட்டு, கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், சமயத்தில் மாதக்கணக்கிலும். பழைய கரைசலில் கொஞ்சம் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, வேலை முடியவில்லை. பிறகு கண்ணாடிப் பேழைக்குள் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். டெல்டாவின் ஐப்பசி மழையில் இது லேசுப்பட்ட காரியமில்லை.

இவ்வளவும் செய்து சிலையைக் காப்பாற்றலாம். கிடைத்த இடம் தொலைந்தால் எந்த மருந்தும் உதவாது. நம் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரை, அதாவது காளையோடு நிற்கும் சிவனைப் பாருங்கள். தலையில் பாம்புகள் நெளியும் சடைக்கட்டு. சாய்ந்து நிற்கும் அவர் கை ஊன்றியிருந்த காளை இன்று இல்லை. அவர் 1011ஆம் ஆண்டுக்காரர், பக்கத்திலிருக்கும் தேவி அடுத்த ஆண்டு வந்தவர் என்று சொல்வது அந்தக் கோயில் சுவரிலுள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ஊர்ப்பெயர் இல்லாமல் வந்திருந்தால் அந்தக் கல்வெட்டோடு இவர்களை யாரால் இணைத்திருக்க முடியும்?

ஆகவே உங்கள் ஊரில் எது கிடைத்தாலும் சர்வே எண், எத்தனை அடி ஆழம், கூடக் கிடைத்தவை எவை என்பதை எழுதிக்கொண்ட பிறகே தூக்குங்கள். பீடம், சிலையைச் சுற்றி நிற்கும் வளைவான பிரபை, உடைந்த விரல், எதையும் தனியே பிரிக்காதீர்கள். மண்ணையும் துடைக்காதீர்கள்.