பாதரசம் தின்ற காடைகளைக் காப்பாற்றியது சூரை மீனா?

வணக்கம். இரண்டு கூட்டம் காடைகள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனம். இன்னொன்றுக்குத் தீவனத்தில் 17 சதவீதம் சூரை மீன். இரண்டிலும் பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசத்தை ஒரே அளவு கலந்தார்கள்: 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு. சூரையிலேயே பாதரசம் உண்டு. அப்படியென்றால் மீன் தின்றவைதானே முதலில் சாக வேண்டும்? இல்லை, அவைதான் அதிக நாள் பிழைத்தன! 1972-ல் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. அதில் சுட்டிக்காட்டப்பட்ட பொருள், மீனில் இருக்கும் செலினியம் என்ற தாதுச் சத்து.

நிலக்கரிப் புகையிலும் சுரங்கங்களிலும் கிளம்பும் பாதரசம் கடலில் சேர்ந்து, நுண்ணுயிரிகளால் மெத்தில் பாதரசமாகி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி நம் தட்டுக்கு வருகிறது. பின்னணி இவ்வளவு போதும்.

இனிதான் விஷயமே. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான செலினியம் வெறும் 55 மைக்ரோகிராம். அதை வைத்துத்தான் உடல் 25 வகைப் புரதங்களைச் செய்கிறது. அவற்றில் சில, ஆக்சிஜனால் வரும் சேதத்திலிருந்து மூளையைக் காக்கிற நொதிகள். பாதரசம் கந்தகத்தோடும் ஒட்டும். ஆனால் செலினியத்தின் மேல் அதற்குள்ள ஈர்ப்பு ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு அதிகம். பிடித்தால் விடாது, அந்த நொதி முடங்கிவிடும்.

சம்பள நாளில் வாசலில் நிற்கும் கடன்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் நூறு, சம்பளம் ஆயிரம் என்றால் வீடு ஓடும். கடன் சம்பளத்தைத் தாண்டினால் அடுப்பு எரியாது. பாதரசத்தின் கொடுமையில் பெரிய பங்கு இந்தப் பறிப்புதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் மீனில் பாதரசம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்விதான். செலினியம் எவ்வளவு என்பது மீதிக் கேள்வி.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. திமிங்கிலங்களின் ஈரலை ஆராய்ந்தவர்கள் அதற்குள் கல் துகள்களைக் கண்டார்கள்! பாதரசமும் செலினியமும் அணுவுக்கு அணு சேர்ந்த டைமனைட் என்ற கனிமம். பூமிக்குள் கிடைக்கிற ஒரு தாதுவை ஓர் உயிர் தன் ஈரலுக்குள்ளேயே செய்து, விஷத்தைக் கல்லாக்கிப் பூட்டி வைத்திருக்கிறது. ஸ்லோவேனியாவில் இத்ரியா பாதரசச் சுரங்கத் தொழிலாளர்களின் உடல் உறுப்புகளிலும் இதே ஒன்றுக்கு ஒன்று கணக்கு தெரிந்தது. 1975-ல் வெளியான ஆய்வு அது.

சரி, அப்படியானால் செலினியம் மாத்திரை வாங்கிப் போடலாமா? தயவுசெய்து வேண்டாம். நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டிப் பல நாள் போனால் முடி கொட்டும், நகம் உடையும்.

கர்ப்பிணிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒன்று. வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் தாய்மார்கள் சாப்பிட்ட பைலட் திமிங்கில இறைச்சியில் பாதரசம் மிக அதிகம். பிள்ளைகளின் நினைவாற்றலிலும் மொழியிலும் கவனத்திலும் பாதிப்பு தெரிந்தது. அதனால் பெரிய மீனான சுறா வேண்டாம். சின்ன மீன்களான மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டில் அடிக்கடி வாங்குவது எந்த மீன்? கமெண்டில் எழுதுங்கள். அதிகம் பேர் சொல்லும் மீனை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.