சித்தேரி மண்ணின் கரிக் கணக்கு

(தருமபுரி மாவட்டம் அரூரில் உழவர்களும் ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

வரும் வழியில் இறங்கி இரண்டு பொட்டலம் மண் எடுத்துவந்தேன். இது சித்தேரி மலைச் சரிவில் மரத்தடி மண். கறுப்பாக இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது. அதற்கு நூறடி தள்ளி, பல வருடங்களாகக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்ட காட்டில் எடுத்தது இது. செங்கல் தூளைப்போல உதிர்கிறது. முதல் பொட்டலத்துக் கறுப்பு இரண்டாவதில் எங்கே போனது? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கரியமில வாயு என்றதும் புகைபோக்கியும் லாரியும் நினைவுக்கு வருகின்றன. மண்ணை யாரும் நினைப்பதில்லை. உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் இருக்கும் கரிமம் (கார்பன்), காற்றில் இருப்பதைவிட அதிகம்; எல்லா மரஞ்செடிகளிலும் இருப்பதைவிடவும் அதிகம். சருகு விழுந்து, மக்கி, வேரோடு சேர்ந்து சேமித்த சொத்து அது; மரத்தடி மண்ணின் கறுப்பும் அதுதான். நிலத்தைக் கிளறி வெயிலில் போட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மூச்சாக வெளியே விடுகின்றன. புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரின் மேல் 15 செண்டிமீட்டர் மண் ஏறக்குறைய 800 டன் எடை. அதில் கரிமம் 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைந்தால் 4 டன் போய்விட்டது. காற்றில் அது 14 டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவாகிறது. அதே அளவைப் புகையாக விட வேண்டுமானால் ஒரு மோட்டார் சைக்கிள் 3 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மலையில் இருப்பவர் வாழ்நாளில் ஓட்டாத தூரம்! மழையில் அடித்துப்போன மண் முழுவதும் காற்றுக்குப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பங்கு ஏரியின் அடியில் வண்டலாகத் தங்குகிறது. ஏரிக்கு அது லாபம், காட்டுக்காரருக்கு நட்டம்.

கலப்பை ஏறாத சரிவைக் கொத்திப் பயிர் செய்வதைக் கொத்துக்காடு என்பார்கள். சாமை, தினை, இடையே துவரை, அவரை. இரண்டொரு வருடம் விளைத்துவிட்டு நிலத்தைச் சும்மா போடுவார்கள். புதரும் மரமும் வளர்ந்து, இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும். காட்டை எரிப்பவர்கள் என்று இவர்களைத் திட்டிய படித்தவர்கள் அந்தச் சும்மா கிடந்த வருடங்களை எண்ணவே இல்லை. இப்போது அந்த இடைவெளிதான் போய்விட்டது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குக் கிழங்கு வேண்டும். பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணும் பெயர்கிறது. ஆனாலும் சாமையின் விலையில் குடும்பம் நடத்திப் பார்க்காத நான் கிழங்கு போடுபவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

குற்றம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் ரயில் பாதை போடப்பட்டபோது, தண்டவாளக் கட்டைக்கும் விறகுக்கும் அன்றைய சேலம் மாவட்டத்துக் காடுகளில் மரம் சாய்ந்தது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன. பிறகு 1882இல் மெட்ராஸ் வனச்சட்டம் வந்தது; மலை மக்கள் தங்கள் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆனார்கள். நூறு வருடம் கழித்து, 1992 ஜூனில், சந்தன மரம் கடத்தியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி என்ற மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். அங்கே மக்களை அடித்ததையும் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததையும் இந்த ஊருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மரக் கணக்கு எழுதும்போதெல்லாம் பற்று ஏழையின் பக்கத்தில் விழுவது நம் மாவட்டத்துக்குப் பழகிய கதை.

அதனால்தான் கார்பன் கிரெடிட் என்ற புதிய வார்த்தையைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் அச்சம் வருகிறது. எங்கோ ஓர் ஆலை விடும் புகைக்கு ஈடாக இங்கே மரம் வளர்க்கச் சொல்வார்கள். வளர்க்கலாம், தப்பில்லை. புளியும் நாவலும் வேம்பும் கலந்து வளர்த்து, வரப்பில் துவரையையும் விட்டால் மண்ணும் கறுக்கும், கையில் காசும் வரும். ஆனால் மேய்ச்சல் தரை முழுக்க ஒரே தைல மரமாக நட்டுவிட்டால் ஆட்டுக்குத் தழை ஏது? அடுப்புக்குச் சுள்ளி ஏது? ஆட்டை வேறு காட்டுக்கு ஓட்டுவார்கள், இங்கே சேமித்தது அங்கே தொலையும்.

2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் காட்டின்மேல் உரிமை தந்திருக்கிறது. ஒப்பந்தத் தாளோடு யாராவது மலையேறி வந்தால், அதைச் சபையில் தமிழில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை வருடம், பணம் யார் பெயருக்கு, ஆடு மேயலாமா, சுள்ளி பொறுக்கலாமா, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். படிக்கத் தயங்கினால் தாளை வாங்கிக்கொள்ள வேண்டாம். மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.